எலி செத்தது மருந்தாலா, ஊசியாலா? வாய்வழி நச்சுச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் வட்டாரத்தில் நச்சுச் சோதனை என்றதும் இரண்டு வகைச் சரக்கு கண்முன் வரும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் புழங்கும் ரசாயனம் ஒன்று. பார்மசி மாணவர்கள் ஜவ்வாது மலை இலைதழைகளிலிருந்து இறக்கும் சாறு இன்னொன்று. ஒரே தடவையாகவோ 24 மணி நேரத்துக்குள் பிரித்தோ வாய்வழியாகக் கொடுத்துவிட்டு, 14 நாளில் என்ன தீங்கு தெரிகிறது என்று பார்ப்பதுதான் வாய்வழி உடனடி நச்சுத்தன்மைச் சோதனை. கேள்வி சின்னது. விடை கெட்டுப்போவதோ பெரும்பாலும் தராசுக்கும் எலியின் இரைப்பைக்கும் நடுவே.

எலியே தேவைப்படாத இடத்தில் எலி

தோலில் முடி நீக்கப் போடும் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், அதற்குப் பிறகு தொட்டியில் ஊற்றும் கந்தக அமிலமும் ஃபார்மிக் அமிலமும் திசுவை அரிப்பவை. அவற்றின் அடர் கரைசலை எலிக்குக் கொடுத்தால் மிஞ்சுவது வெந்துபோன உணவுக்குழாய் மட்டும்தான். அரிப்பினால் கடும் வலி தரும் என்று தெரிந்த டோஸ்களைக் கொடுக்க வேண்டியதில்லை என்று ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வகுத்த சோதனை நெறிமுறையே சொல்கிறது. பிஹெச் 2 அல்லது அதற்குக் கீழே, 11.5 அல்லது அதற்கு மேலே நிற்கும் பொருள் வந்தால் முதலில் அரிப்புத்தன்மையைப் பாருங்கள்.

கலவைகளுக்கும் இப்படித்தான். கலந்திருக்கும் ஒவ்வொரு பொருளின் எல்டி50 மதிப்பும் (கொடுத்த விலங்குகளில் பாதியைக் கொல்லும் டோஸ், உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மி.கி. என்று) தெரியுமானால், கலவையின் வகையைக் காகிதத்திலேயே போடலாம். ஒவ்வொரு பொருளின் சதவீதத்தையும் அதன் எல்டி50 மதிப்பால் வகுத்துக் கூட்டுங்கள். 100-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் கலவையின் மதிப்பு. 20 சதவீதம் உள்ள பொருளின் எல்டி50 200 மி.கி./கி.கி., மீதி தண்ணீர் என்று வையுங்கள். 20-ஐ 200-ஆல் வகுத்தால் 0.1, 100-ஐ 0.1-ஆல் வகுத்தால் 1000. ரசாயனங்களை நச்சுத்தன்மைப்படி பிரிக்கும் உலகளாவிய ஜிஹெச்எஸ் வகைப்பாட்டில் இது நான்காம் வகை. இதற்கு எலி எதற்கு?

எதை எடை போட்டீர்கள்?

சோடியம் டைக்ரோமேட் ஆரஞ்சு நிறப் படிகமாகப் பாட்டிலில் இருக்கிறது. லேபிளில் 'டைஹைட்ரேட்' என்ற சொல் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிப்பவர் குறைவு. நீரற்ற உப்பின் மூலக்கூறு எடை 262, இரண்டு நீர் சேர்ந்ததன் எடை 298. நீரற்றது என்று நினைத்து 300 மி.கி. எடுத்தவர் கையில் உண்மையில் 264 மி.கி.தான் இருக்கிறது. ஈரம் உறிஞ்சும் உப்பு என்பதால், மூடி திறந்து கிடந்த பாட்டிலில் அதுவும் இருக்காது. அறிக்கையில் உப்பின் முழுப்பெயர், தூய்மை சதவீதம், பேட்ச் எண் மூன்றும் வேண்டும். 'குரோமியம்' என்று மொட்டையாக எழுதுவது இதைவிட மோசம். பதனிடப் பயன்படும் பேசிக் குரோமியம் சல்பேட்டில் இருப்பது மூன்றிணைதிறன் குரோமியம். டைக்ரோமேட்டில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். இரண்டும் நச்சுத்தன்மையில் பக்கத்தில்கூட வராது.

மூலிகைச் சாற்றில் சிக்கல் வேறு. 200 கிராம் இலைப்பொடியிலிருந்து 16 கிராம் சாறு இறங்கினால் விளைச்சல் 8 சதவீதம். அப்படியானால் 2000 மி.கி. சாறு என்பது 25 கிராம் இலைப்பொடிக்குச் சமம். விளைச்சலை எழுதாத அறிக்கையில் 2000 என்ற எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. வைத்தியர் கொடுப்பது தண்ணீரில் காய்ச்சிய கஷாயம், நீங்கள் சோதித்தது எத்தனால் சாறு என்றால், அந்த முடிவு கஷாயத்துக்குச் செல்லாது. மெத்தனாலில் இறக்கியிருந்தால் கரைப்பான் முழுதும் போய்விட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் கொடுத்ததில் மெத்தனாலும் ஒரு பங்கு.

அடியில் தங்கும் மருந்து

வேலூரில் சி.எம்.சி. என்றால் ஆஸ்பத்திரி, விலங்கறையில் சி.எம்.சி. என்றால் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ். தண்ணீரில் கரையாததைத் தொங்கலாக (துகள்கள் கரையாமல் பரவி நிற்கும் கலவையாக) வைத்திருக்க அதை 0.5 சதவீதக் கரைசலாகப் போடுவது வழக்கம். பொடியை ஒரே அடியாகக் கொட்டினால் மீன் கண் மாதிரி கட்டி கட்டியாக நிற்கும். சுழலும் தண்ணீரில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, முந்தின நாளே கரைத்து வைத்துவிடுங்கள்.

பெரிய தவறு இதற்குப் பிறகுதான் வரும். கலக்கிய பீக்கரை மேசையில் வைத்துவிட்டு ஒவ்வோர் எலியாகப் பிடித்து வருவார்கள். அதற்குள் மருந்து அடியில் தங்கிவிடும். மேலாக உறிஞ்சிய முதல் எலிக்குக் குறைந்த டோஸ். பீக்கரின் அடியைச் சுரண்டிய கடைசி எலிக்குக் கூடுதல் டோஸ். கடைசி எலி மட்டும் செத்தால் எதைச் சொல்வது? காந்தக் கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுமட்டத்திலிருந்து உறிஞ்சுங்கள். முடிந்தால் மேல், நடு, அடி மூன்றிலும் மாதிரி எடுத்து அளந்து பார்த்துவிடுங்கள்.

கொடுக்கும் அளவு 100 கிராம் எடைக்கு 1 மி.லி.யைத் தாண்டக் கூடாது. தண்ணீரில் முழுதும் கரைந்ததாக இருந்தால் மட்டும் 2 மி.லி. வரை போகலாம். கிலோவுக்கு 2000 மி.கி. டோஸுக்கு மி.லி.க்கு 200 மி.கி. கலக்க வேண்டும், பல சாறுகள் அந்த அடர்த்தியில் களிபோல் ஆகி ஊசியில் இறங்காது. உடனே தண்ணீர் ஊற்றி அளவை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள். தொங்கல் கரைசல் ஆகாது, அந்தச் சலுகை அதற்கு இல்லை. நன்றாக அரைத்துச் சலியுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பிரித்துக் கொடுங்கள்.

பட்டினியும் எடையும்

எலி ராத்திரியில் தின்னும் பிராணி. அதனால் முந்தின இரவே தீவனத்தை எடுத்துவிட வேண்டும், தண்ணீர் இருக்கட்டும். சுண்டெலிக்கு 3–4 மணி நேரம் போதும், இரவு முழுக்கப் பட்டினி போட்டால் அதுவே தனி நோவு. தீவனத்தை எடுத்தவர்கள் கூண்டின் அடியிலிருக்கும் உமியை மறந்துவிடுவார்கள். பசித்த எலி உமியையும் தன் புழுக்கையையும் தின்னும். வயிறு நிறைந்த எலியில் மருந்து மெதுவாக உறிஞ்சப்படும். முடிவு பொருளை உள்ளதைவிடச் சாதுவாகக் காட்டும். டோஸ் கொடுத்த பிறகும் எலிக்கு 3–4 மணி நேரம் தீவனம் கிடையாது.

எடையைப் பட்டினிக்குப் பிறகு எடுக்க வேண்டும். மாலையில் 192 கிராம் இருந்த எலி காலையில் 180 கிராம் ஆகியிருக்கிறது என்று வையுங்கள். டோஸ் 300 மி.கி./கி.கி., கரைசல் மி.லி.க்கு 30 மி.கி. காலை எடைக்கு 1.80 மி.லி. மாலை எடையை வைத்துக் கணக்குப் போட்டவர் 1.92 மி.லி. கொடுத்துவிடுவார். நோட்டில் 300, எலிக்குள் 320.

ஊசி போகும் வழி

இந்தச் சோதனையில் அதிகம் மறைக்கப்படும் தவறு கேவேஜ் ஊசி (வாய்வழியாக இரைப்பைக்குள் மருந்தை இறக்கும் ஊசி) மூச்சுக்குழலில் போவது. எலி சாகும், 'நச்சால் மரணம்' என்று பதிவாகும், பொருள் நச்சு வகைப்பாட்டில் ஒரு வகை மேலே ஏறிவிடும்.

இளம் எலிக்கு நுனியில் உருண்டை உள்ள 16 அல்லது 18 கேஜ் ஊசி. எலியின் பக்கவாட்டில் வைத்து, வாயிலிருந்து கடைசி விலா எலும்பு வரை அளந்து, அந்த இடத்தில் ஊசிமேல் ஒரு குறி போடுங்கள். கழுத்துத் தோலைத் தளர்வாகப் பிடித்தால் தலை ஆடும். இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டும். மூக்கு மேல்நோக்கி, வாயும் கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் வர வேண்டும். முன்பல்லுக்குப் பக்கத்துச் சந்தில் ஊசியை நுழைத்து, அண்ணத்தை ஒட்டியே சரியவிடுங்கள். எலி விழுங்கும்போது ஊசி தன் எடையிலேயே இறங்கும். தள்ளக் கூடாது. தடை தட்டினாலோ எலி இருமித் திமிறினாலோ வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். குறி வாயருகே வந்த பிறகுதான் சிரிஞ்சை அழுத்த வேண்டும், அதுவும் மெதுவாக.

கொடுத்து முடித்ததும் மூக்கைப் பாருங்கள். நுரையோ குமிழோ வந்தால் வழி தவறிவிட்டது. டோஸ் கொடுத்த சில நிமிடத்தில் எந்த எலி செத்தாலும் மூச்சுக்குழலைத் திறந்து பார்க்காமல் மூடாதீர்கள். நிறமுள்ள பொருள் என்றால் சாட்சி கண்ணுக்கே தெரியும்: டைக்ரோமேட் உள்ளே போயிருந்தால் மூச்சுக்குழல் ஆரஞ்சாக இருக்கும். பச்சைச் சாறும் அப்படித்தான். ஊசிப் பிழை என்று உறுதியானால் அதை அறிக்கையில் எழுதி, அந்த எலியைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். எழுதாமல் விலக்குவது மோசடி.

நெறிமுறைக் குழப்பம்

இந்தச் சோதனைக்கான பழைய 401 எண் நெறிமுறையை ஓஇசிடி 2002 டிசம்பரிலேயே நீக்கிவிட்டது. இன்னும் சில தீசிஸ்களில் ஐந்து குழு, குழுவுக்குப் பத்து எலி என்று அதன் நிழல் தெரிகிறது. இப்போதிருப்பவை 420, 423, 425. 423-இல் ஒரு படிக்கு மூன்று எலி. டோஸ் வழக்கமாக 5, 50, 300, 2000 மி.கி./கி.கி. பொதுவாகப் பெண் எலி. முன்தகவல் எதுவும் இல்லையென்றால் 300-இல் தொடங்கச் சொல்கிறது. எத்தனை எலி செத்தது என்பதைப் பொறுத்து அதே டோஸ், ஒரு படி மேல், ஒரு படி கீழ், அல்லது நிறுத்தம். 425-இல் ஒவ்வோர் எலியாக, முன்தகவல் இல்லாவிட்டால் 175-இல் தொடங்கி 3.2 மடங்காக ஏறி இறங்க வேண்டும். இரண்டு எலிக்கு நடுவே பொதுவாக 48 மணி நேரம்.

'423 முறையில் செய்தோம், எல்டி50 = 1847.362' என்று எழுதுவது அபத்தம். 423 தருவது ஒரு வகை, ஒரு வரம்பு. மூன்று தசமப் புள்ளி அங்கே பிறக்க வழியே இல்லை. அந்த மாதிரி எண் வேண்டுமென்றால் 425, அதுவும் நம்பிக்கை இடைவெளியோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்போடு).

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எலி வாங்குவதற்கு முன்னாலேயே கையில் இருக்க வேண்டும். மீள வழியில்லாமல் தவிக்கும் எலியைக் கருணையோடு முடித்துவிட வேண்டும், அதைச் செத்த எலியாகவே எண்ண வேண்டும். 'நாங்கள்தானே கொன்றோம்' என்று கணக்கில் சேர்க்காமல் விட்டால் பொருள் பாதுகாப்பானதாக வேஷம் போடும்.

பார்க்காமல் பார்த்த பதினான்கு நாள்

முதல் அரை மணிக்குள் ஒரு தடவையாவது, முதல் 4 மணி நேரம் கூர்ந்து, 24 மணி நேரம் வரை இடைவிட்டு, அப்புறம் தினமும். சனிக்கிழமை சாயங்காலம் டோஸ் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினால் இது நடக்காது. திங்கள் முதல் புதன் காலைக்குள் கொடுப்பது நல்லது. மயிர் சிலிர்ப்பு, நடுக்கம், வலிப்பு, எச்சில் ஒழுகுதல், கழிச்சல், சோர்வு, மயக்கம் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது என்று எழுத வேண்டும். பதினான்கு கட்டத்திலும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் 'நார்மல்' என்று இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் எலி ஓடியாடுகிறது என்று அடுத்த படிக்குத் தாவாதீர்கள். எலி மருந்தாக விற்கும் புரோமாடியோலோனை எடுத்துக்கொள்ளுங்கள்: அது ரத்தம் உறைவதைத் தடுப்பது, ஏற்கெனவே ரத்தத்திலிருக்கும் உறைகாரணிகள் தீர்ந்த பிறகுதான் ரத்தக்கசிவு தெரியும். 24 மணி நேரத்தில் முடிவு எழுதினால் அதுகூடச் சாதுதான். எடையையும் வாரம் ஒரு தடவையாவது போடுங்கள். உயிரோடு இருந்தும் எடை ஏறாத எலி எதையோ சொல்கிறது.

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். விலங்கறை 22 டிகிரி, கூடினாலும் குறைந்தாலும் 3-க்குள் நிற்க வேண்டும். ராத்திரி கரண்ட் போய் ஏசி நின்றதைக் காலையில் வருபவர் அறிய மாட்டார். உச்சமும் தாழ்வும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்து, தினமும் எழுதிவிட்டு மீட்டமையுங்கள்.

எண்ணைப் படிப்பதில் சறுக்கல்

பாலாற்றங்கரைக் கிணற்று நீரில் லிட்டருக்கு இத்தனை மி.கி. குரோமியம் என்பது நீரின் அடர்த்தி. எல்டி50 என்பது உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மி.கி. என்ற டோஸ். இரண்டையும் பக்கத்தில் வைத்து 'எல்டி50-ஐவிடக் குறைவு, குடிக்கலாம்' என்று எழுதினால் ஆபத்து. ஒரே தடவைக் கொடுப்பின் முடிவு, ஆண்டுக்கணக்கில் குடிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 2000-இல் சாகவில்லை, அதில் பத்தில் ஒன்று 200, அதுதான் மருந்தளவு என்பதும் பழக்கத்தில் வந்ததுதான். அந்தப் பத்துக்கு எலி எந்த ஆதாரமும் தரவில்லை.

வகைப்பாடும் எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்டி50 400 உள்ள பூச்சிமருந்து ஜிஹெச்எஸ்-இல் நான்காம் வகை, அதாவது 300-க்கு மேல் 2000 வரை. இந்தியப் பூச்சிமருந்து விதிகளில் அதுவே 51–500 வரம்பில் விழுந்து, டப்பாவில் மஞ்சள் முக்கோணம் ஏறும். எந்தப் பட்டியல் என்று சொல்லாமல் 'வகை 4' என்று மட்டும் எழுதக் கூடாது.

சாவே இல்லாத சோதனைக்கு முடிவு வரி இப்படி இருந்தால் போதும்: பெண் விஸ்டர் இன எலி, 423 முறை, 300-இல் தொடக்கம், 2000 மி.கி./கி.கி.யில் ஆறு எலியில் மரணம் இல்லை, மருந்தைக் கலந்த ஊடகம் 0.5 சதவீதக் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ், 10 மி.லி./கி.கி.; முதல் 4 மணி நேரத்தில் இரண்டு எலியில் சோர்வு, மறுநாள் தெளிந்தது; எடை வளர்ச்சி இயல்பு; உடற்கூறில் மாற்றம் இல்லை; எல்டி50 2000-க்கு மேல்.