கப்பல் பயணத்தில் இரவு உணவுக்கு என்ன உடுத்துவது?

உடை எடுக்கக் கிளம்புமுன் பயண அட்டவணையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் எந்தெந்த நாளில் துறைமுகத்தில் நிற்கிறது, எந்தெந்த நாளில் கரை தொடாமல் கடலிலேயே ஓடுகிறது என்பது அதில் இருக்கும். 'ஃபார்மல் நைட்' எனப்படும் விழா இரவு பெரும்பாலும் கடல் நாளில்தான் வரும். பகலெல்லாம் கரையில் சுற்றிவிட்டு மாலை ஐந்து மணிக்குக் கப்பலேறுகிறவருக்கு, ஆறு மணிப் பந்திக்குள் குளித்து, கோட் மாட்டி, டை கட்ட நேரம் போதாது. கடல் நாளில் எல்லாரும் கப்பலிலேயே இருப்பார்கள். தயாராக மதியம் முழுக்கக் கிடைக்கும்.

ஏழு இரவுப் பயணத்தில் விழா இரவு வழக்கமாக இரண்டு. மூன்று முதல் ஐந்து இரவு வரை என்றால் ஒன்று. முதல் நாள் அநேகமாக இருக்காது, ஏனென்றால் பலருடைய பெட்டிகள் அந்நேரம்தான் கேபின் வாசலுக்கு வந்துகொண்டிருக்கும். கடைசி இரவும் வழக்கமாக இருக்காது. அது பெட்டி கட்டும் இரவு. இந்தக் கணக்கு தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கப்பலேறிய பிறகு, அன்றன்றைய மாலை உடை என்னவென்று கப்பலின் ஆப்பிலும் தினசரி நிகழ்ச்சித் தாளிலும் போட்டிருப்பார்கள்.

பெயர் பல, படி மூன்று

புதிதாகப் போகிறவர்களைக் குழப்புவது பெயர்கள்தான். ஒரு நிறுவனம் 'எலிகன்ட்' என்கிறது, இன்னொன்று 'காலா' என்கிறது, வேறொன்று 'ஈவ்னிங் ஷிக்' என்கிறது. பெயர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மூன்று படிகள் தெரியும்.

முதல் படி சாதாரண இரவு: காலர் வைத்த சட்டை, கிழிசல் இல்லாத ஜீன்ஸ் அல்லது பேண்ட், எளிய கவுன், பிளவுஸும் பாவாடையும். இரண்டாம் படி 'ஸ்மார்ட் கேஷுவல்': முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், மூடிய ஷூ, விரும்பினால் பிளேசர் எனும் தனிக் கோட், பெண்களுக்கு உணவகத்துக்குப் போகும் தரத்தில் ஒரு கவுன் அல்லது நல்ல துணியில் பேண்ட்டும் மேலாடையும். மூன்றாம் படி விழா இரவு: சூட் அல்லது டக்ஸீடோ (வில் டையுடன் அணியும் கறுப்பு விழாச் சூட்), காக்டெய்ல் கவுன் அல்லது நீண்ட மாலைக் கவுன்.

எந்தக் கப்பலில் எந்தப் படி வரை ஏற வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். குனார்ட் கப்பல்களில் 'காலா ஈவ்னிங்' என்றால் ஆண்களுக்கு டக்ஸீடோ அல்லது டையுடன் அடர்நிறச் சூட். மாலை ஆறு மணிக்கு மேல் கப்பலின் பெரும்பகுதிக்கு இது பொருந்தும். கார்னிவலில் 'கேஷுவல்', 'எலிகன்ட்' என இரண்டே வகை. எலிகன்ட் இரவிலும் நல்ல பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போதும்; கோட் அணிந்தால் இன்னும் பொருத்தம். செலிப்ரிட்டி 2015இல் விழா இரவை எடுத்துவிட்டு 'ஈவ்னிங் ஷிக்' கொண்டுவந்தது. டை கட்டாயமில்லை, ஆனால் அசட்டையாகவும் போக முடியாது. நார்வீஜியன் 2000இல் தொடங்கிய 'ஃப்ரீஸ்டைல்' முறையில் கட்டாய விழா இரவே கிடையாது. வைக்கிங்கின் கடல் கப்பல்களிலும் ஓஷியானியாவிலும் அதே நிலைதான். பயணிகள் தாமாகவே ஸ்மார்ட் கேஷுவல் படியில் இருப்பார்கள். வர்ஜின் வாயேஜஸில் உடை விதி ஏறக்குறைய இல்லை. 'ஸ்கார்லெட் நைட்' அன்று சிவப்பில் ஏதாவது அணிந்தால் கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளலாம். அன்டார்டிகா போகும் ஆய்வுப் பயணக் கப்பல்களிலும் ஆற்றுக் கப்பல்களிலும் டக்ஸீடோவுக்கு வேலையில்லை.

விதிகள் அவ்வப்போது தளர்கின்றன, சில இடங்களில் இறுகுகின்றன. அதனால் மூன்று வருடத்துக்கு முன் போனவர் சொன்னதை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம். நிறுவனத்தின் தளத்தில் 'டிரெஸ் கோட்' பக்கத்தைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு படியுங்கள். வெள்ளை ஆடை இரவு போன்ற வண்ண இரவுகள் இருந்தால் அதுவும் முன்னரே தெரிந்துவிடும். அதற்கென்று புது உடை தேவையில்லை. அந்த நிறத்தில் ஒரு சட்டையோ ஷாலோ போதும்.

வாசலில் எதை நிறுத்துவார்கள்?

விதி கப்பல் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மெயின் டைனிங் ரூம் எனப்படும் பெரிய உணவுக்கூடம், கட்டணம் கட்டிச் சாப்பிடும் சிறப்பு உணவகங்கள் இவற்றின் வாசலில்தான் முக்கியமாகக் கவனிப்பார்கள். பஃபேயில் விழா இரவிலும் சாதாரண உடையில் சாப்பிடலாம். கேபினுக்கே உணவு வரவழைத்தால் கேட்பாரில்லை. ஆகவே விழா உடை பிடிக்காதவர் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்குப் பெரிய உணவுக்கூடத்தின் உணவுப்பட்டியல் வழக்கத்தைவிடச் சிறப்பாக இருக்கும். வெறும் உடைக்காக அதை விடுவது நஷ்டம்.

பெரும்பாலான கப்பல்களில், எந்த இரவிலும், உணவுக்கூடத்தில் ஏற்கப்படாதவை: நீச்சல் உடை, ஈர உடை, ஆண்களின் கையில்லாத பனியன், உடற்பயிற்சி அரை டிரவுசர், ரப்பர் செருப்பு. அரை டிரவுசர் விஷயத்தில் நிறுவனங்கள் வேறுபடுகின்றன: முழங்கால் வரை வரும் நல்ல தையல் உள்ளதைச் சாதாரண இரவில் சிலர் விடுவார்கள், விழா இரவில் விடமாட்டார்கள். தொப்பியை உள்ளே நுழையும்போதே கழற்றிவிடுங்கள்.

திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலர் விதி தெரியாதவர்கள் அல்லர். நீச்சல் குளத்தில் நேரம் போனது தெரியாமல் அப்படியே சாப்பிட வந்தவர்கள்தான் அதிகம். ஆறு மணிப் பந்தி எடுத்திருந்தால் நாலே முக்காலுக்குக் கேபினுக்குத் திரும்பிவிடுங்கள். ஒரு குளியலறையை இருவர் பகிரும்போது அதற்குக் குறைவான நேரத்தில் நிதானமாகத் தயாராக முடியாது. துறைமுக நாள்களில் வெளியே நேரமாகும் என்று தெரிந்தால், எட்டு மணியளவில் வரும் இரண்டாம் பந்தியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஆண்களுக்கு

ஒரே ஒரு சூட் எடுக்கலாம் என்றால் கருநீலம் அல்லது அடர்சாம்பல். கண்டிப்பான கப்பலிலும் அது டையுடன் செல்லும். தளர்வான கப்பலில் மேல்கோட் மட்டும் ஜீன்ஸ் மேல் பிளேசராக உதவும். கறுப்புச் சூட்டுக்கு இந்த இரட்டை வேலை தெரியாது. டக்ஸீடோ வைத்திருப்பவர் தாராளமாகக் கொண்டுவரலாம். வாடகைக்கு எடுப்பதானால், பதிவின்போதே நிறுவனத்திடம் கேளுங்கள். சில கப்பல்களில் உள்ளேயே கிடைக்கும், அளவை மட்டும் முன்கூட்டியே தர வேண்டும்.

மறந்து போவது எப்போதும் சின்னப் பொருள்கள்தான்: சட்டையின் மணிக்கட்டுப் பட்டியில் மாட்டும் கஃப்லிங்க், டக்ஸீடோ சட்டையின் தனிப் பொத்தான்கள், கறுப்புக் காலுறை, பெல்ட். முதல் இரண்டும் இல்லாமல் சட்டையை மூடவே முடியாது. கப்பல் கடையில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு சிறு பையில் போட்டு, கோட்டின் உள்பையில் வைத்துவிடுங்கள்.

ஷூவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அலமாரியில் பல வருடம் கிடந்த விழா ஷூவின் அடிப்பாகம், அது பாலியூரிதேனாக இருந்தால், வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே காற்றின் ஈரத்தால் சிதைந்திருக்கும். போட்டு நடந்த முதல் அரைமணியில் பொடிப்பொடியாக உதிரும். இரண்டு வாரம் முன்பே ஷூவையும் சூட்டையும் போட்டு வீட்டுக்குள் ஒருமணி நேரம் நடந்து பாருங்கள். இடுப்பு இறுகியிருந்தால் தையற்காரரிடம் கொடுக்கவும் நேரம் இருக்கும்.

பெண்களுக்கு

விழா இரவு என்றால் தரை தொடும் கவுன்தான் என்று பலர் நினைக்கிறார்கள். முழங்கால் அளவுக் காக்டெய்ல் கவுன், நல்ல துணியில் தைத்த பேண்ட் சூட், மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஜம்ப்சூட் எல்லாமே ஏற்புடையவைதான். இரண்டு விழா இரவுக்கு இரண்டு கவுன் தூக்கி வரத் தேவையில்லை. கறுப்போ கருநீலமோ ஒரே கவுன், முதல் இரவுக்கு மின்னும் ஷாலும் பெரிய காதணியும், அடுத்த இரவுக்குச் சிறிய மேல்கோட்டும் முத்துமாலையும் என்று மாற்றினால் வேறு உடையாகவே தெரியும்.

துணியைக் கவனித்து எடுங்கள். லினன் பெட்டியில் கசங்கும். இஸ்திரி போடாமல் உடுத்த முடியாது. பின்னல் ஜெர்சி, பாலியஸ்டர் கிரேப், மடிப்புகள் வைத்தே தைத்த பிளீட் துணி ஆகியவை சுருட்டி வைத்தாலும் தொங்கவிட்ட சில மணி நேரத்தில் நேராகிவிடும். ஜிகினா வைத்ததை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிச் சுருட்டுங்கள். மற்ற துணியில் சிக்காது.

விழா இரவில் அவரவர் நாட்டின் மரபான விழா உடையும் முழுத் தகுதியுள்ள உடைதான். அதை விட்டுவிட்டு, பழக்கமில்லாத கவுனுக்காகச் செலவழிக்க வேண்டாம். எந்த நீண்ட உடையானாலும் விளிம்பு தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். கப்பலில் படிகளும், கதவுகளில் உயர்ந்த நிலைப்படிகளும் அதிகம்; ஆட்டமும் சேர்ந்தால் விளிம்பை மிதித்து விழ நேரும்.

அதே காரணத்துக்காக ஊசிக் குதிகால் வேண்டாம். அது திறந்த டெக்கின் (கப்பல் மேல்தளத்தின்) மரப்பலகை இடுக்கில் மாட்டும், கப்பல் அசைந்தால் கணுக்கால் மடங்கும். அகலக் குதிகால், ஐந்து சென்டிமீட்டருக்குள். அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் வெட்ஜ், அதாவது அடிப்பாகமே முழுக்க உயர்ந்த காலணி. தட்டையான ஒரு ஜோடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடல் கொந்தளிக்கும் இரவில் அதுதான் துணை.

ஷால் யாருக்கும் அலங்காரப் பொருள் மட்டும் இல்லை. உணவுக்கூடத்தில் ஏ.சி. பலமாக இருக்கும், ஐந்து வகை பரிமாறும் விருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் நீளும். வெப்பமண்டலக் கடலில் போனாலும் தோள் மூடும் ஒன்று தேவை. சாப்பிட்டுவிட்டு டெக்கில் நடக்கப் போனால் அகலப் பாவாடையைக் காற்று தூக்கும். ஒடுங்கிய அமைப்பே வசதி.

கசங்கலும் இஸ்திரியும்

இஸ்திரிப் பெட்டியும் துணிக்கு ஆவி பிடிக்கும் கருவியும் பெரும்பாலான கப்பல்களில் கேபினுக்குத் தடை. கடலில் தீதான் முதல் பயம். பெட்டியில் இருந்தால் சோதனையில் எடுத்து வைத்துவிட்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். அதனால் பெட்டி தாமதமாக வந்து சேரும் தொல்லையும் உண்டு. கார்னிவல், பிரின்சஸ், குனார்ட் கப்பல்கள் பலவற்றில் பயணிகளே துவைத்து இஸ்திரி போட அறை இருக்கும். ராயல் கரீபியனில் இல்லை. விழா இரவன்று மாலை அந்த அறையில் கூட்டம் நெரியும். காலையிலேயே போய் முடித்துவிடுங்கள்.

அறை இல்லாத கப்பலில் கேபின் பணியாளரிடம் கட்டணத்துக்கு இஸ்திரிக்குக் கொடுக்கலாம். பெட்டி வந்த அன்றே கொடுங்கள். விழா நாளன்று கொடுத்தால் நேரத்துக்கு வருவது நிச்சயமில்லை. செலவில்லா வழி: கேபினுக்குள் வந்ததும் முதல் வேலையாக விழா உடையை ஹேங்கரில் தொங்கவிடுவது, பிறகு சூடான நீரில் குளிக்கும்போது குளியலறைக்குள் பதினைந்து நிமிடம் மாட்டி வைப்பது. பருத்திச் சட்டைக்குச் சுருக்கம் நீக்கும் ஸ்பிரே அடித்துக் கையால் இழுத்துவிட்டால் போதும்.

கேபின் அலமாரி சிறியது. ஹேங்கரும் கொஞ்சம்தான் இருக்கும். கூடுதலாகக் கேட்டால் தருவார்கள். சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நான்கு கொண்டுபோனால் ஷாலும் கோட்டும் தொங்க இடம் கிடைக்கும்.

ஏழு இரவுக்கு எவ்வளவு?

ஆணுக்குச் சூட் ஒன்று, டை இரண்டு, வெள்ளை முழுக்கைச் சட்டை இரண்டு, வண்ணச் சட்டை மூன்று, நல்ல பேண்ட் இரண்டு, ஜீன்ஸ் ஒன்று, மூடிய ஷூ ஒரு ஜோடி. பெண்ணுக்கு விழாக் கவுன் ஒன்று, ஸ்மார்ட் கேஷுவல் கவுன் இரண்டு, கறுப்புப் பேண்ட் ஒன்று, மேலாடை மூன்று, ஷால் இரண்டு, காலணி இரண்டு ஜோடி. ஒரே உடையை மறுபடி உடுத்துவதைக் கப்பலில் யாரும் கவனிப்பதில்லை. வெள்ளைச் சட்டை மட்டும் இரண்டுக்குக் குறையக் கூடாது. ஒன்றில் சாஸ் கொட்டினால் மாற்று வேண்டும்.

பிள்ளைகளுக்கு யாரும் கண்டிப்புக் காட்டுவதில்லை. காலர் சட்டையோ நல்ல கவுனோ போதும். கடிக்கும் ஷூவில் இரண்டு மணி நேரம் உட்காரச் சொன்னால் பெரியவர்கள் விருந்தும் கெடும்.

முதல் நாளும் கடைசி நாளும் தனிக் கவனம் கேட்பவை. துறைமுகத்தில் கொடுத்த பெட்டி சில வேளை இரவு எட்டு மணிக்கும் வந்து சேராது. ஆகவே கைப்பையில் அன்றிரவு உணவுக்கான ஒரு சட்டை அல்லது கவுன், ஷால், மூடிய காலணி வைத்திருங்கள். விமானத்தில் வந்து கப்பலேறுகிறவர் சூட்டின் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டே வருவது நல்லது. கசங்காது, தொலையவும் தொலையாது. கடைசி இரவில் பெட்டியை நள்ளிரவுக்குள், பல கப்பல்களில் அதற்கும் முன்பே, கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். அன்று சாப்பிடப் போட்ட உடை கைப்பையில்தான் போகும், கனமில்லாததாகத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் காலை போட வேண்டிய பேண்ட்டையும் ஷூவையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, இரவு உடையோடு நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. பெட்டியை வெளியே தள்ளுமுன் காலை உடையைக் கட்டில் மேல் எடுத்து வையுங்கள்.

பெட்டியே வராமல் விழா இரவு வந்துவிட்டால் தயங்காமல் விருந்தினர் சேவை மேசைக்குப் போங்கள். உணவுக்கூட மேலாளருக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வாடகை உடை இருக்கும் கப்பலில் அதையும் விசாரியுங்கள். பெட்டி தொலைந்தவரை டை இல்லை என்று வாசலில் நிறுத்துவது அபூர்வம்.