பிக்கப்பில் டீசலைக் கரைக்கும் தவறுகள்

போன சனிக்கிழமை பினாங்கின் பிறை நகரில் ஒரு டயர்க்கடையில், பின்சக்கரத்துக்கு ஒட்டுப்போடக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு புது பிக்கப்பை ஜாக்கில் ஏற்றியிருந்தார்கள். வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத வண்டி. கம்பெனி டயரில் இருக்கும் ரப்பர் முள் இன்னும் முழுசாகத் தேயவில்லை. அந்த டயர்களைக் கழற்றிச் சுவரோரம் அடுக்கிவிட்டு, ஆழமாகப் பள்ளம் வெட்டிய 285/70ஆர்17 மண் டயரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வீடுகளுக்குத் தண்ணீர்த்தொட்டி மாட்டும் வேலையாம். நல்ல டயரை ஏன் மாற்றுகிறாய் என்று கேட்டேன்.

“அண்ணே, டயர் பெருசா இருந்தா ஆர்பிஎம் குறையும்லா. எண்ணெய் மிச்சம்தானே?”

ஆர்பிஎம் என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. எட்டு வருடத்துக்கு முன்னால் இதே பேச்சை நான் பேசியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த காசு எனக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேனபி (இரும்புக் கால் வைத்த கூடாரப் பந்தல்), மேசை, நாற்காலி வாடகைக்கு விடுகிறவன். புக்கிட் மெர்தாஜாமில் கொட்டகை, வேலை பாதி நாள் பினாங்குத் தீவில். ஒரு ஹைலக்ஸ் பிக்கப், மாதம் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் ஓடும். 2024 ஜூன் 10-ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசானது. அப்புறம் விலை வாராவாரம் மாறத் தொடங்கியது. மலிவாக இருந்த காலத்தில் யாருக்கும் உறைக்காத தவறுகள் எல்லாம் அன்றிலிருந்து சம்பளம் கேட்க ஆரம்பித்துவிட்டன. சர்வீஸ் தள்ளிப்போடாதே, ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்புவது

“என் வண்டி லிட்டருக்குப் பதிமூணு குடுக்குது” என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் திரையைப் பார்த்துச் சொல்கிறார்கள். அது வண்டி போடும் ஒரு மதிப்பீடு. சரியான கணக்கு வேண்டுமென்றால் ஒரே எண்ணெய் நிலையம், முடிந்தால் ஒரே பம்பு. நாசில் முதல் தடவை ‘டக்’ என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் அமுக்கி ஊற்றக் கூடாது. ஓடிய கிலோமீட்டரை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை ஏறிய லிட்டரால் வகுத்தால் ஆச்சு. ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். மூன்று நான்கு டாங்க் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பெரிய டயர்

இதற்குத்தான் வருகிறேன்.

என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 265/65ஆர்17. கணக்குப் போட்டால் அந்த டயரின் விட்டம் 776 மில்லிமீட்டர். நான் மாட்டியது, அந்தத் தம்பி மாட்டிய அதே 285/70ஆர்17. அதன் விட்டம் 831. ஐந்தரை சென்டிமீட்டர்தான் கூடுதல், ஆனால் 7 சதவீதம். உரசாமல் இருக்க வண்டியையும் இரண்டு அங்குலம் தூக்கினேன். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. கம்பெனி டயர் நாலையும் அதே கடையில் 400 வெள்ளிக்குத் தள்ளிவிட்டேன். அது தனித் தவறு.

ஆர்பிஎம் குறையும் என்பது பொய் இல்லை. ஒரே வேகத்தில், ஒரே கியரில் போனால் 7 சதவீதம் குறையும். கியர் எல்லாம் நீண்டுபோனதற்குச் சமம், அதாவது எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் வண்டியைக் கூடுதல் தூரம் தள்ள வேண்டும். தட்டையான நெடுஞ்சாலையில், சுமை இல்லாமல், எங்கும் நிற்காமல் போகிறவருக்கு அதில் ஏதாவது கிடைக்கலாம். பினாங்கில் யார் அப்படி ஓட்டுகிறார்கள்? காலையில் தீவுக்குப் போகும் பாலத்து நெரிசலில் ஊர்ந்து, ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் நின்று, இரும்புக் கால்களை ஏற்றிக்கொண்டு பாலிக் புலாவ் மேட்டில் ஏறுகிற வண்டி அது. நீண்ட கியரில் மேடு ஏற எஞ்சினுக்குத் தெம்பு போதாது. ஆட்டோ கியர் உடனே ஒரு படி இறங்கும். மிச்சமான ஆர்பிஎம் அங்கேயே போய்விடும், வட்டியோடு.

எடை வேறு. பழைய டயரையும் புது டயரையும் கடைத் தராசில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம், ஒன்றுக்கு எட்டு ஒன்பது கிலோ வித்தியாசம் வந்தது. வண்டியின் பின்தொட்டியில் வைத்த சாமானை எஞ்சின் முன்னால் தள்ளினால் போதும். சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் எடையை முன்னால் தள்ளுவதோடு சுற்றவும் வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவை நின்று கிளம்பும்போதும் அந்த வேலை புதிதாகத் தொடங்கும், ஒவ்வொரு பிரேக்கிலும் அது சூடாகிக் காற்றில் போகும். மண் டயரின் பெரிய ரப்பர் கட்டைகள் தார்ச்சாலையில் நசுங்கி நிமிர்ந்துகொண்டே இருக்கும். அந்த நசுங்கலுக்கும் டீசல்தான் செலவு. வண்டியைத் தூக்கியதால் அடியில் நுழையும் காற்றும் கூடுகிறது.

இனி நான் ஏமாந்த இடம். டயருக்கு முன்னால் 55 லிட்டரில் 605 கிலோமீட்டர் ஓடும், அதாவது லிட்டருக்கு 11. மாற்றிய பிறகு அதே 55 லிட்டரில் 500-தான் காட்டியது. லிட்டருக்கு 9.1. பதறிப்போய் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். “இன்ஜெக்டர் ஒழுகுது” என்றார்கள், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம் அது. நான்கையும் கழற்றிச் சோதித்தார்கள், இரண்டை மாற்றினார்கள். 2,600 வெள்ளி. அடுத்த டாங்க் நிரப்பினேன். மறுபடி 9.1.

பட்டறைக்காரர் மேல் முழுப் பழியும் போட மாட்டேன். தவறான எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு போனவன் நான். வண்டி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. சக்கரம் பெரிதானது அதற்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூருவிலிருந்து தெற்கே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் போனேன். ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் பலகையைப் பார்த்து மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். பத்துக் கிலோமீட்டர் தாண்டி அடுத்த பலகை வந்தபோது மீட்டர் 9.3 காட்டி, 9.4-க்குத் திரும்பத் தயாராக இருந்தது. வண்டியை ஓரத்தில் நிறுத்தி எழுதிய அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்படியென்றால் 500 என்று காட்டியது உண்மையில் 535 கிலோமீட்டர். லிட்டருக்கு 9.7. எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. டயர் தின்றது 1.3, மீட்டர் பொய் சொன்னது 0.6. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இன்ஜெக்டருக்குக் காசு கட்டினேன்.

தின்றது 1.3 மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். மாதம் 2,500 கிலோமீட்டருக்கு முன்பு 227 லிட்டர், பிறகு 257 லிட்டர். 30 லிட்டர் கூடுதல். லிட்டர் 3 வெள்ளி 35 காசு என்றால் மாதம் 100 வெள்ளி, மண்ணையே பார்க்காத மண் டயருக்கு. ஸ்பீடோமீட்டரும் அதே கதைதான். கம்பெனி டயரில் அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டாதபடி வைத்திருப்பார்கள். 7 சதவீதம் பெரிய டயர் அந்த இடைவெளியைத் தின்றுவிடும். மீட்டரில் 110-க்குள் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு சம்மன் வாங்கலாம்.

பாலிக் புலாவ் மலையில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை. மழைக்குப் பிறகு அந்தச் சிவப்பு மண் சரிவில் ஏறிப் பழக்கூடையை இறக்குகிறவருக்கு மண் டயர் அவசியம். மற்றவர்கள் டயர் தேய்ந்தால் கம்பெனி அளவிலேயே வாங்குங்கள். அவ்வப்போது மண்ணில் இறங்க வேண்டியிருந்தால், அதே அளவில் எல்லாத் தரைக்குமான டயர் கிடைக்கிறது. ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றால், பழையதை விற்காதீர்கள். நான் விற்றதால் திரும்பக் கம்பெனி அளவுக்கு வர இன்னொரு செட் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. வாங்கிய மூன்றாவது டாங்கில் 10.8 வந்தது.

பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டுவது

காற்று தடையில்லாமல் போகும் என்று செய்கிறார்கள். கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகச் சுருண்டு தங்கிவிடும், மேலே வரும் காற்று அதன் மேல் வழுக்கிப் போய்விடும். கதவை இறக்கினால் அந்தச் சுழல் கலைகிறது, இழுவை கூடுகிறது. மூடி வையுங்கள்.

தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கரத்தையும் எஞ்சின் இழுக்கும் நிலை)

வேண்டாம். டீசலும் போகும், கியரும் போகும்.

நாளைக்கும் தேவைப்படும் என்று சாமானை விட்டுவைப்பது

என் ஆட்களிடம் இன்றுவரை சண்டை இதற்குத்தான். இரவு பதினொரு மணிக்கு ஒரு கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கொண்டு வந்தால் இரும்புக் கால்களை இறக்க யாருக்கும் மனசு வராது. ஏறக்குறைய 180 கிலோ. மறுநாள் சும்மா நாற்காலி எடுக்கப் போகும்போதும் அது கூடவே ஊர் சுற்றும். கார்களுக்கு 45 கிலோவுக்கு 1 சதவீதம் எண்ணெய் கூடும் என்று சொல்வார்கள். பிக்கப் கனமான வண்டி என்பதால் விகிதம் கொஞ்சம் குறையும், ஆனால் நின்று நின்று போகும் ஊரில் அது தெரியும். கூரை மேல் ஏணி மாட்டும் சட்டமும் அப்படித்தான். ஏணி இல்லாத நாளிலும் அது காற்றைக் கிழித்துக்கொண்டே வரும். கழற்ற நான்கு போல்ட்டுதான்.

பாலம் காலியாக இருந்தால் விரட்டுவது

பழைய பாலம் 13.5 கிலோமீட்டர், வேக வரம்பு 80. விடிகாலையில் காலியாக இருக்கும்போது 110-ல் பறந்தால் மூன்று நிமிடத்துக்கும் குறைவாகத்தான் மிச்சமாகும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும், 80-க்கும் 110-க்கும் நடுவில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. பிக்கப்பின் முகம் செங்குத்துச் சுவர் மாதிரி இருப்பதால் காரைவிட இதற்கு வலி அதிகம். பாலத்தில் பக்கக்காற்று வேறு.

டிபிஎஃப் சுத்தம் செய்யும்போது எஞ்சினை அணைப்பது

டிபிஎஃப் என்கிற, புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள புது டீசல் வண்டிகளுக்கு மட்டும் இது. கரி சேர்ந்ததும் வண்டி தானாகக் கூடுதல் டீசலைச் செலவழித்து, புகைக்குழாயைச் சூடாக்கி அதை எரிக்கும். பாதியில் அணைத்தால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். வீட்டுக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டுகிறவர்களின் வண்டி அதிகம் குடிப்பதற்கு இது ஒரு காரணம். பத்து நாளுக்கு ஒரு தடவை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள்.

காந்தம், மாத்திரை

டீசல் குழாயில் கட்டும் காந்தம், டாங்கில் போடும் மாத்திரை எதற்கும் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட சாதனங்களை நூற்றுக்கு மேல் சோதித்திருக்கிறது. பெரும்பாலானவற்றில் பலன் எதுவும் இல்லை.

ஏசிக்காக எஞ்சினை ஓட விடுவது

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோவில் வழியில் ஐந்தாறு தண்ணீர்ப்பந்தலுக்குக் கேனபி போடுவோம். சாமான் இறக்கிய பிறகு சாலை அடைத்துவிடுவார்கள், வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். முதல் சில வருடம் பையன்கள் மாறி மாறி உள்ளே உட்கார்ந்து ஏசியில் தூங்குவார்கள். நானும் பாவம், ராத்திரி முழுக்க உழைத்தவர்கள் என்று விட்டுவிடுவேன். நின்றபடி ஏசியோடு ஓடும் இந்த அளவு டீசல் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். ஒரு தைப்பூசத்துக்குப் பிறகு எழுதிவைத்த கணக்கைப் பார்த்தால் லிட்டருக்கு 8 கூட வரவில்லை. டயரையும் இன்ஜெக்டரையும் தேடி ஓடிய அனுபவம் இருந்ததால் இந்தத் தடவை முதலில் பையன்களைக் கேட்டேன். பதினொரு மணி நேரம் ஓடியிருக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கேனபியை எங்களுக்கென்றே போட்டு, பேட்டரி விசிறி இரண்டு, கேன்வாஸ் கட்டில் நான்கு வைத்துவிடுகிறேன். வண்டிச் சாவி என் சட்டைப்பையில் இருக்கும்.