பிஆர்பி சிவந்தால் உடனே கேரியர் கேட்காதீர்கள்: ரேடியோ வளப் பகிர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியோ நெட்வொர்க் மேம்பாட்டுப் பணிக்குப் புதிதாக வருபவர்கள் எழுதும் அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், பிழைகள் மாறுவதில்லை. 3ஜி காலத்தில் எங்கள் தலைமுறை செய்தவையே 4ஜியிலும் 5ஜியிலும் வேறு பெயர்களில் திரும்பி வருகின்றன. அண்டை செல் (ஓர் ஆன்டெனா சேவை தரும் பகுதி) பட்டியலில் விடுபடுதல், அருகருகே உள்ள இரு செல்களுக்கு செல்லை அடையாளம் காட்டும் பிசிஐ எண்ணை ஒன்றாகவே கொடுத்தல் போன்றவற்றைத் தணிக்கைக் கருவியே கண்டுபிடித்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கருவியின் கண்ணில் படாதவற்றையும், கருவியின் சிவப்பு நிறத்தை அப்படியே நம்பியதால் நேர்ந்தவற்றையும் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பயன்பாட்டு விழுக்காட்டை நெரிசல் என்று படித்தல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். செலவு மிகுந்ததும் இதுதான். 4ஜியின் தொழில்நுட்பமான எல்டிஇ அமைப்பில் அலைக்கற்றை 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ரிசோர்ஸ் பிளாக்குகளாக (பிஆர்பி) பிரிக்கப்படுகிறது. 20 மெகாஹெர்ட்ஸ் கேரியரில், அதாவது செல் பயன்படுத்தும் அலைக்கற்றைத் துண்டில், இத்தகைய பிளாக்குகள் 100 இருக்கும். எந்தப் பிளாக் எந்தப் பயனருக்கு என்பதை ஷெட்யூலர் ஒவ்வொரு மில்லி விநாடியும் புதிதாகத் தீர்மானிக்கிறது. நம் மேசைக்கு வருவதோ 15 நிமிடத்துக்கோ ஒரு மணி நேரத்துக்கோ எடுத்த பிளாக் பயன்பாட்டுச் சராசரி. அந்தச் சராசரி நிர்ணயித்த எல்லையைத் தாண்டினால் அறிக்கையில் செல் சிவக்கிறது. சிவந்ததும் ‘நெரிசல், இரண்டாவது கேரியர் தேவை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒருமுறை ஓர் இளம் பொறியாளர் இரண்டு செல்களைக் காட்டி, இரண்டுக்கும் புதிய கேரியர் கேட்டார். உச்ச நேரத்தில் இரண்டிலும் பிஆர்பி பயன்பாடு 90 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. முதல் செல்லைத் திறந்து பார்த்தபோது, தரவுக்காகக் காத்திருந்த பயனர்கள் மிகச் சிலரே. ஒவ்வொருவருக்கும் நல்ல வேகம் கிடைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் பெரிய கோப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். வரிசையில் ஒரே ஒருவர் இருந்து, அவருடைய பஃபரில் அனுப்ப வேண்டியது மீதம் இருந்தால், ஷெட்யூலர் 100 பிளாக்குகளையும் அவருக்கே கொடுக்கும். அப்படித்தான் கொடுக்க வேண்டும். வேறு யாரும் கேட்காதபோது பிளாக்கைச் சும்மா வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை. ஆகவே அந்தச் செல்லின் சிவப்பு நிறம் நோய்க்குறி அல்ல, ஷெட்யூலர் தன் வேலையைச் சரியாகச் செய்வதற்கான சான்று.

இரண்டாவது செல்லில் நிலைமை வேறு. அங்கே காத்திருந்தவர்கள் அதிகம், ஒவ்வொருவருக்கும் கிடைத்த வேகம் குறைவு. ஆனால் காரணம் அலைக்கற்றைப் பற்றாக்குறை இல்லை. சிக்யூஐ மதிப்புகள், அதாவது கைபேசிகள் தெரிவிக்கும் சிக்னல் தரக் குறியீடுகள், பெரும்பாலும் தாழ்ந்த எண்களிலேயே குவிந்திருந்தன. இரண்டு தளங்களுக்கு அப்பால் உயரமான கட்டடத்தின் மேலிருந்த ஓர் ஆன்டெனா, தன் எல்லையைத் தாண்டி இந்தச் செல்லின் நடுப்பகுதி வரை ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் டில்ட்டை, அதாவது சாய்வை, சில பாகை கீழிறக்கியதும் சிக்யூஐ உயர்ந்தது, பிஆர்பி பயன்பாடு தானாகவே இறங்கியது. முன்மொழிந்தபடி கேரியரை வாங்கிப் பொருத்தியிருந்தால், பழைய கோளாறு அப்படியே தொடர்ந்திருக்கும்.

இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நம்பத் தோன்றும். ஒரு மில்லி விநாடியில் ஒரு பிளாக்கில் 12 துணை அலைகள், 14 குறியீட்டு நேரங்கள், ஆக 168 இடங்கள். கட்டுப்பாட்டுக்கான மூன்று குறியீட்டு நேரங்களும் இரண்டு ஆன்டெனா போர்ட்டுகளுக்கான ரெஃபரன்ஸ் சிக்னலும் (கைபேசிகள் அளவிடுவதற்கான சிக்னல்) போக 120 இடங்கள் தரவுக்கு எஞ்சும். சிக்யூஐ 15 உள்ள பயனருக்கு ஓர் இடத்தில் சுமார் 5.55 பிட் செல்லும்; சிக்யூஐ 4 உள்ளவருக்கு 0.6 பிட்தான். 1 மெகாபைட் அளவுள்ள ஒரு படத்தை ஒரே அடுக்கில் (ஒரே தரவோடையாக) அனுப்புவதாக வைத்துக்கொண்டால், முதலாமவருக்கு ஏறத்தாழ 12,000 பிளாக்குகள் போதும். 20 மெகாஹெர்ட்ஸ் கேரியரின் முழு வளமும் 0.12 விநாடிக்குச் செலவாகிறது என்று இதற்குப் பொருள். இரண்டாமவருக்கு 1,10,000 பிளாக்குகளுக்கு மேல் வேண்டும்; முழு செல்லும் ஒரு விநாடிக்கு மேலாக அவர் ஒருவருக்காகவே உழைக்க வேண்டும். படம் ஒன்றே, கட்டணம் ஒன்றே, வளச் செலவு மட்டும் ஒன்பது மடங்குக்கு மேல். எத்தனை மெகாபிட் தேவை என்பதோடு, அதை எந்தத் தரமுள்ள இணைப்பில் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தச் செல்லின் கொள்ளளவையும் பேச முடியாது.

இதைவிடக் குழப்பமானது செல்களுக்கிடையே உள்ள பிணைப்பு. எல்டிஇ செல்கள் எல்லாம் பொதுவாக ஒரே அலைவரிசையையே பயன்படுத்துவதால், ஒரு செல் தரவு அனுப்பும் ஒவ்வொரு பிளாக்கும் அண்டை செல்லின் அதே பிளாக்கில் குறுக்கீடாக விழுகிறது. அதனால் அண்டை செல்லின் சிக்யூஐ இறங்குகிறது. அதே தரவை அனுப்ப அது கூடுதல் பிளாக்குகளைச் செலவிடுகிறது. அந்தக் கூடுதல் செலவு முதல் செல்லுக்கே குறுக்கீடாகத் திரும்பி வருகிறது. அறிக்கையில் சிவந்திருக்கும் செல் பாதிக்கப்பட்டதாக மட்டும் இருக்கலாம், பாதிப்பின் மூலம் பச்சையாகத் தெரியும் வேறொரு செல்லில் இருக்கலாம். ஒற்றைச் செல்லைத் தனியாக எடுத்து ஆராயும் பழக்கமே இந்தத் தவறின் வேர் என்று நினைக்கிறேன். அதை விடச் சொன்னால் ‘நேரமில்லை’ என்கிறார்கள். பயன்படாத கேரியருக்கு ஒப்புதல் வாங்க மட்டும் மாதக்கணக்கில் நேரம் கிடைக்கிறது.

மணிநேரச் சராசரி எதிர்த்திசையிலும் ஏமாற்றும். 50 விழுக்காடு என்று அமைதியாகத் தெரியும் செல், பாதி விநாடிகளில் முழுவதும் நிரம்பியும் மீதிப் பாதியில் வெறுமையாகவும் இருந்திருக்கலாம். அந்த நிரம்பிய விநாடிகளில் இணைந்திருந்தவர்கள் புகார் செய்தால் ‘அறிக்கையில் ஒன்றும் இல்லையே’ என்று பதில் போகிறது.

எனவே பார்க்கும் வரிசையை மாற்றுங்கள். முதலில், பஃபரில் தரவு வைத்துக்கொண்டு காத்திருக்கும் பயனர்களின் எண்ணிக்கை. அடுத்து, ஒரு பயனருக்கு உண்மையில் கிடைக்கும் வேகம். அதன் பின் சிக்யூஐ பரவல். அது தாழ்ந்திருந்தால் அண்டை செல்களும் அவற்றின் ஆன்டெனாக்களும். சிக்யூஐ நன்றாக இருந்து, காத்திருப்போர் அதிகமாகவும் வேகம் குறைவாகவும் இருந்தால்தான் அது உண்மையான பற்றாக்குறை. அப்போது கேரியர் கேளுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.

மின்திறனைக் கூட்டித் தீர்வு காணுதல்

ஒரு செல்லின் மின்திறனை 3 டெசிபெல் கூட்டினால் அந்தச் செல்லின் வரைபடம் அழகாகிவிடும், அண்டை செல்களின் வரைபடம் கெடும். அவர்களும் 3 டெசிபெல் கூட்டினால், குறுக்கீடு ஆட்சி செய்யும் நகர்ப்புறத்தில் சிக்னலுக்கும் குறுக்கீட்டுக்கும் உள்ள விகிதம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். மின்கட்டணம் மட்டும் உயர்ந்திருக்கும். மேலும் கைபேசியின் உச்சத் திறன் பொதுவாக 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட்தான். கோபுரத்தின் குரல் எட்டும் தூரத்திலிருந்து கைபேசியின் குரல் திரும்ப எட்டாவிட்டால், திரையில் கோடுகள் நிறைந்திருக்கும், அழைப்பு மட்டும் நிலைக்காது.

மேல்நோக்கிய திறன் கட்டுப்பாட்டில் ஆல்ஃபாவை 1 ஆக்குதல்

வேண்டாம். ஆல்ஃபா என்பது, வழியில் சிக்னல் இழக்கும் வலிமையில் (பாதை இழப்பில்) எவ்வளவு பங்கைக் கைபேசி தன் திறனைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும் என்ற அளவு. அது 1 ஆனால், விளிம்பில் உள்ள கைபேசிகள் அனைத்தும் பாதை இழப்பை முழுமையாக ஈடுகட்ட முயன்று அண்டை செல்லின் இரைச்சல் அளவை உயர்த்திவிடும். 0.7, 0.8 என்ற மதிப்புகள் பரவலாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

காலியான பிளாக்குகளைக் கண்டு நிம்மதியடைதல்

பிஆர்பி பயன்பாடு குறைவாக இருந்தும் பயனர்கள் காத்திருக்கும் செல்கள் உண்டு. பிளாக் ஒதுக்கப்பட்டதைப் பயனருக்குத் தெரிவிக்கக் கட்டுப்பாட்டுத் தடமான பிடிசிசிஹெச்சில் இடம் வேண்டும். வழக்கமாக அதற்கு ஒவ்வொரு மில்லி விநாடியிலும் ஒன்று முதல் மூன்று குறியீட்டு நேரங்களே உள்ளன. நல்ல சிக்னல் உள்ளவருக்கான ஆணை 1 சிசிஇ-க்குள் (அந்தத் தடத்தின் இடத்தை அளக்கும் அலகு) அடங்கும். விளிம்பில் இருப்பவருக்கு அதே ஆணையை 8 சிசிஇ-க்களில் பரப்பி அனுப்ப வேண்டியிருக்கும். குறுஞ்செய்திச் செயலிகளைப் போலச் சின்னஞ்சிறு பொட்டலங்களை அடிக்கடி அனுப்பும் பயனர்கள் ஓரிடத்தில் கூடும்போது, தரவுப் பகுதி வெறுமையாக இருக்க, ஆணைக்கான இடம் முதலில் தீர்ந்துவிடும். கூட்டம் கூடும் அரங்குகளில் இதைத் திரும்பத் திரும்பக் காணலாம். சிசிஇ ஒதுக்கீடு தோற்ற எண்ணிக்கையைப் பார்க்காமல் ‘கொள்ளளவு போதுமானது’ என்று எழுதாதீர்கள்.

சமமான நேரத்தைச் சமமான வேகம் என்று எண்ணுதல்

ரவுண்ட் ராபின் முறையில் எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கிடைக்கும்; வேகம் அவரவர் சிக்னலைப் பொறுத்தது. எல்லோருக்கும் ஒரே வேகம் வேண்டும் என்று வற்புறுத்தினால், மேலே கண்ட கணக்கின்படி, விளிம்பில் இருக்கும் ஒருவருக்காக மொத்தச் செல்லும் மெதுவாகும். புரொபோர்ஷனல் ஃபேர் ஷெட்யூலர், ஒருவருக்கு இந்தக் கணத்தில் கிடைக்கக்கூடிய வேகத்தை அவருக்கு இதுவரை கிடைத்த சராசரி வேகத்தால் வகுத்து, விகிதம் உயர்ந்தவரைத் தேர்ந்தெடுக்கிறது. செல்லின் மொத்த வேகத்துக்கும் நியாயமான பகிர்வுக்கும் இடையிலான சமரசம் அது. சராசரி எடுக்கும் கால அளவை மிகக் குறுக்கினால் அது ஏறத்தாழ ரவுண்ட் ராபினாகவே நடந்துகொள்ளும்.

எல்லாச் சேவைக்கும் உறுதி வேகம்

குறைந்தபட்ச வேகத்துக்கு உத்தரவாதம் தரும் இந்த ஏற்பாட்டைக் குரல் அழைப்புக்குக் கொடுங்கள். மற்றவற்றுக்கு யோசியுங்கள்.

சுமைப் பகிர்வையும் ஹேண்டோவரையும் தனித்தனியாகச் சரிசெய்தல்

நிரம்பிய செல்லிலிருந்து பயனர்களை அதே அலைவரிசையில் உள்ள அண்டை செல்லுக்குத் தள்ள, ஹேண்டோவர் (இணைப்பு ஒரு செல்லிலிருந்து மற்றொன்றுக்கு மாறுதல்) எப்போது நிகழும் என்பதைத் தீர்மானிக்கும் ஆஃப்செட் மதிப்பை மாற்றுகிறார்கள். தள்ளப்பட்டவர், விட்டுவந்த செல்லின் வலுவான சிக்னலைக் குறுக்கீடாகச் சுமந்தபடி, புதிய செல்லில் பலவீனமான இணைப்போடு அமர்கிறார். முன்பைவிட அதிக பிளாக்குகளைச் செலவிடுகிறார். இதற்கிடையே ஹேண்டோவரைக் கவனிக்கும் தானியங்கிச் செயல்பாடு, பிங்பாங் (பயனர் இரு செல்களுக்கிடையே மாறி மாறித் தாவுதல்) நேர்வதாக முடிவுசெய்து அதே ஆஃப்செட்டை மறுதிசையில் திருப்புகிறது. இரண்டு செயல்பாடுகளும் ஒரே எண்ணைப் பிடித்து இழுப்பதை நிகழ்வுப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன்: இரவெல்லாம் 1 டெசிபெல் மேலே, 1 டெசிபெல் கீழே. ஆஃப்செட்டின் வரம்பை இரண்டுக்கும் பொதுவாக முதலில் வரையறுத்துவிடுங்கள். வேறு அலைவரிசையில் கேரியர் இருந்தால் சுமையை அங்கே தள்ளுங்கள். பழைய செல் அங்கே குறுக்கிடாது.

4ஜியும் 5ஜியும் பகிரும் கேரியரை இருமுறை எண்ணுதல்

டைனமிக் ஸ்பெக்ட்ரம் ஷேரிங் முறையில் 20 மெகாஹெர்ட்ஸ் என்பது 20 மெகாஹெர்ட்ஸ்தான். எல்டிஇ-யின் ரெஃபரன்ஸ் சிக்னல் பயனர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒலித்துக்கொண்டே இருக்கும், 5ஜி அந்த இடங்களைத் தவிர்த்தே தன் தரவை அனுப்ப வேண்டும். ஆகவே திட்ட அட்டவணையில் இரண்டு வரிகளில் 20, 20 என்று எழுதிக் கூட்டும் முன், இரண்டுக்கும் சேர்த்து உண்மையில் கிடைக்கும் கொள்ளளவு தனி 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ கேரியரின் கொள்ளளவைவிடச் சற்றுக் குறைவாகவே வரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.