சமையலறையில் வைத்த அலாரம்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். சில மாதங்களுக்கு முன், 11 மணி தாண்டியதும், ஒரே வரியை மூன்று முறை படித்தும் 'பணி' இருக்க வேண்டிய இடத்தில் 'பனி' நிற்பது என் கண்ணில் படாமல் போகத் தொடங்கியது. கண்ணாடியை மாற்றினேன், காபியைக் கூட்டினேன். இரண்டும் செலவு வைத்ததுதான் மிச்சம்.

பிறகு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தேன். அலுவலகப் பணியாளர்கள் 15 பேரை 4 மணி நேரம் உட்கார வைத்து அளந்ததில், தொடர்ந்து உட்கார்ந்தபோது மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்தது. 30 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் நடந்தபோது குறையவில்லை. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 8 நிமிடம் நடந்தபோதோ, மொத்த நடை அதே அளவாக இருந்தும், அந்தப் பலன் கிட்டவில்லை. அவர்கள் அளந்தது இரத்த ஓட்டத்தைத்தான், கவனத்தை அல்ல என்றாலும், முயன்று பார்ப்பதில் நட்டமில்லை என்று தோன்றியது.

30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுவதற்காக வைத்த கைப்பேசி அலாரத்தை உட்கார்ந்தபடியே அணைத்துவிட்டேன்; சோம்பலுக்குச் சாமர்த்தியம் அதிகம். எனவே மணியடிக்கும் பழைய கடிகாரத்தைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அதை அணைக்க எழுந்தே ஆக வேண்டும். மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டுச் சிறிய டம்ளர் ஒன்றை வைத்தேன். மணியை அணைக்கப் போகும்போது அதையும் எடுத்துச் சென்று, அதில் தண்ணீர் நிறையும்வரை குதிகால்களை உயர்த்தி இறக்கி, பின்னர் கூடத்தை நான்கு முறை சுற்றி வருகிறேன்.

பிழைகள் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால், 12 மணிக்குத் திருத்திய பக்கத்தை மறுநாள் காலையில் புரட்டினால், சிவப்பு மையை மீண்டும் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேர்வதில்லை.