காளானை அடையாளம் காண முதலில் அதன் அடியைப் பாருங்கள்

மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தைக் காட்டி "இது என்ன காளான்?" என்று கேட்டால், பல வருடம் பழகியவர்கள்கூட உதட்டைப் பிதுக்குவார்கள். காளானின் மேல்பக்கம் அவ்வளவு ஏமாற்றும். மழையில் நனைந்தால் நிறம் கருக்கும், வெயிலில் வெளுக்கும், வயதானால் பாசி படியும். அடிப்பக்கமும் அது முளைத்திருக்கும் இடமும் அந்த அளவுக்கு மாறுவதில்லை. அதனால் இந்தச் செய்முறையில் நிறத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை.

இன்னொன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பார்த்துப் பழகுவதற்கான வழி, பறித்துச் சாப்பிடுவதற்கு அல்ல. கேலரினா மார்ஜினேட்டா என்று ஒரு சின்னப் பழுப்புக் காளான் இருக்கிறது. மட்கிய மரத்தில் சாதாரணமாக நிற்கும். அதில் உள்ள அமடாக்சின் என்ற நச்சு சமைத்தாலும் அழியாது. சாப்பிட்டுப் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகுதான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். நடுவில் சரியாகிவிட்டது போலத் தோன்றும், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஆனால் தொட்டுப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. கொடிய நச்சுக் காளானையும் கையில் எடுத்துப் பார்க்கலாம், பிறகு கை கழுவினால் போதும்.

கையில் என்ன வேண்டும்?

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சின்னக் கத்தி, ஸ்கேல், நோட்டு, பென்சில், காகித உறைகள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்துக் காளான் அழுகிவிடும். பலர் எடுத்துப் போகாத ஒன்று, ஒரு சின்னக் கண்ணாடி. அதைக் கீழே நீட்டினால் காளானைப் பறிக்காமலே அடிப்பக்கம் தெரிந்துவிடும். பாதுகாக்கப்பட்ட காடு என்றால் அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கக் கூடாது, அங்கே கண்ணாடியும் கேமராவும்தான் துணை.

படி 1: எதன்மேல் நிற்கிறது?

காளானுக்கு அருகில் போனதும் அதை விட்டுவிட்டு அதன் காலடியைப் பாருங்கள். உயிருள்ள மரமா, பட்ட மரமா, விழுந்த கிளையா, இலைச்சருகா, சாணமா, வெறும் மண்ணா? மரம் என்றால் என்ன மரம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சில காளான்கள் இதில் மிகவும் கறார். ஃபோமிடாப்சிஸ் பெட்டுலினா என்ற தட்டுக் காளான் (மரத்திலிருந்து தட்டுப் போல நீட்டி நிற்கும் வகை) ஏறக்குறைய குளிர்ப் பகுதி மரமான பிர்ச்சில் மட்டும்தான் வளரும். பனியோலஸ் என்ற சின்னக் காளான் வகைகள் சிலவற்றைத் தேட வேண்டுமானால் பழைய சாணத்தைப் பார்த்தால் போதும்.

"மண்ணில் முளைத்தது" என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். பல நேரம் கீழே ஒரு வேரோ புதைந்த கட்டையோ இருக்கும். சருகை மெதுவாக விலக்கி, தண்டு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். தண்டு முடியாமல் வேர் போல நீண்டு ஆழத்துக்குப் போனால், அது டெர்மிட்டோமைசிஸாக இருக்கலாம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சை அது. நீண்ட அந்த அடிப்பகுதி புற்றுக்குள் இருக்கும் பூஞ்சைத் தோட்டம் வரை போகும்.

கட்டையையும் கொஞ்சம் பிய்த்துப் பாருங்கள். வெளுத்து, நார்நாராக, மெத்தென்று பிரிந்தால் அது வெள்ளை மட்கல், மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னின் என்ற பொருளையும் பூஞ்சை சிதைத்திருக்கிறது. பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியானால் பழுப்பு மட்கல். அங்கே மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸ் போய்விட்டது, லிக்னின் பெரும்பாலும் மிச்சம் நிற்கிறது. இதை வைத்தே சில பேரினங்களைக் கழித்துவிடலாம். தட்டுக் காளான்களில் பெரும்பாலானவை வெள்ளை மட்கல் செய்பவை.

படி 2: அடிப்பக்கம்

இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். மரத்திலிருந்து தட்டுத்தட்டாக நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டிக் காளான்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் துளைகள் இருக்கும். காளானுக்கு விதை போன்ற நுண்துகள்களான ஸ்போர்கள் அந்தத் துளைகளின் வழியாகத்தான் கொட்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மெல்லிய தோல் போன்று, மேலே வளைய வளையமாகப் பழுப்பும் சாம்பலும் மாறி மாறி வரும் ஒன்றைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். டிராமெட்டீஸ் வெர்சிகலரும் இப்படி இருக்கும், ஸ்டீரியம் வகையும் இப்படித்தான் இருக்கும். மேலே எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் புதியவருக்கு முடிவு கிடைக்காது. கவிழ்த்து லென்ஸை வையுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 3 முதல் 5 வரை நுண்துளைகள் தெரிந்தால் டிராமெட்டீஸ் பக்கம் போகலாம். துளையே இல்லாமல் வழுவழுவென்று இருந்தால் ஸ்டீரியம். இவ்வளவுதான் வேலை!

துளைகள் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரிதாக, அறுகோணமாக இருந்தால் ஹெக்ஸகோனியா. மேலே டிராமெட்டீஸ் மாதிரியே இருந்து, அடியில் துளைக்குப் பதில் வரிவரியான தகடுகள் வந்தால் லென்சைட்டிஸ். மேலும் கீழும் ஒரே பளீரென்ற ஆரஞ்சுச் சிவப்பு என்றால் பிக்னோபோரஸ். நிறத்தை நம்பிப் பேர் சொல்லத் துணியக்கூடிய சிலவற்றில் அது ஒன்று.

ஸ்கிசோஃபில்லம் கம்யூன் என்பதைத் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது, அதனால் நீங்கள் முதலில் பார்ப்பதே இதுவாக இருக்கக்கூடும். 1 முதல் 4 செ.மீ. வரைதான் அகலம், மேலே சாம்பல் வெள்ளையில் பூனைமுடி, தண்டு கிடையாது. அடியில் தகடுகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்தால் அந்தப் பிளவுகள் விரிந்து சுருண்டுகொள்ளும், நனைத்தால் மறுபடி நிமிரும். காய்ந்துபோன ஒன்றை ஈரத் துணியில் வைத்துவிட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

பெரிய, கனமான, மரக்கட்டை போல இறுகிய தட்டு என்றால் கேனோடெர்மாவா என்று சோதிக்கலாம். கேனோடெர்மா அப்லனேட்டத்தின் அடிப்பக்கம் புதிதாக இருக்கும்போது வெள்ளையாக இருக்கும். நகத்தால் ஒரு கோடு கிழித்தால் அந்த இடம் உடனே பழுப்பாகும், காய்ந்த பிறகும் அந்தக் கோடு அழியாது. அதில் படம் வரைகிற கலைஞர்களும் இருக்கிறார்கள். சுற்றிலும், தட்டின் மேல்கூட, கோகோ பொடி தூவியது போல் பழுப்புத் தூள் படிந்திருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். அது ஸ்போர். ஒரு பெரிய தட்டு ஒரு நாளில் கோடிக்கணக்கில் கொட்டும்.

படி 3: வெட்டிப் பார்ப்பது

அனுமதி இருந்தால் மட்டும், ஒரு ஓரத்தை வெட்டுங்கள். துளைக் குழாய்கள் அடுக்கடுக்காக இருந்தால் அது பல வருடம் வளரும் வகை. ஒரே அடுக்கு என்றால் பெரும்பாலும் ஒரு பருவத்தோடு முடிகிறது. உள்சதை வெள்ளையா, துருப்பிடித்த பழுப்பா என்று குறியுங்கள். டிராமெட்டீஸுக்கு வெள்ளை, ஃபெல்லினஸுக்குத் துருநிறம். கட்டையில் கரி உருண்டை போல ஒட்டியிருப்பதை வெட்டினால் உள்ளே வளைய வளையமாகக் கோடுகள் தெரிகிறதா? அது டால்டினியா, தட்டுக் காளான்களுக்குச் சொந்தமே இல்லாத வேறு கூட்டம்.

படி 4: சின்னக் காளான்கள்

குடை வடிவச் சின்னக் காளான்களில் புதியவர்கள் விடும் பெரிய பிசகு, தண்டை நடுவில் ஒடித்து எடுப்பது. தண்டின் அடி மண்ணிலேயே தங்கிவிட்டால் பாதித் தகவல் போச்சு. அமானிட்டா வகைகள் பலவற்றில் அடியில் கிண்ணம் போல ஒரு உறை இருக்கும், உலகத்தின் மிகக் கொடிய நச்சுக் காளான்கள் சில அந்தப் பேரினத்தில்தான் இருக்கின்றன. கத்தியைப் பக்கத்தில் ஆழமாகச் செருகி, நெம்பி, மண்ணோடு எடுங்கள்.

பிறகு தொப்பியைக் கவிழ்த்து, அடியில் வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகளை, அதாவது செவுள்களைப் பாருங்கள். அவை தண்டைத் தொடாமல் நிற்கின்றனவா, ஒட்டியிருக்கின்றனவா, தண்டின் மேலே கொஞ்சம் இறங்கி ஓடுகின்றனவா? தண்டில் வளையம் உண்டா? ஒடித்தால் பாலோ சாறோ வருகிறதா? மைசீனா ஹீமட்டோபஸ் ஒடித்தால் அடர் சிவப்புச் சாறு கசியும்.

மணிவடிவச் சின்னத் தொப்பி, ஓரத்தில் கோடுகள், எளிதில் ஒடியும் மெல்லிய தண்டு என்றால் மைசீனா பக்கம் தேடலாம். தண்டு கம்பி போல் விறைப்பாக இருந்து, காய்ந்து சுருங்கிய காளான் தண்ணீரில் போட்டதும் மறுபடி விரிந்தால் மராஸ்மியஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்ட மர அடியில் நூற்றுக்கணக்கில், ஒன்றரை செ.மீ.கூடத் தாண்டாத தொப்பிகள் மொய்த்துக் கிடந்தால் கோப்ரினெல்லஸ் டிஸ்ஸெமினேட்டஸ். அதன் உறவுக்காரக் காளான்கள் பல வயதானதும் கரைந்து மை போல் ஒழுகும், இது அப்படிக் கரையாது.

படி 5: ஸ்போர் அச்சு

வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை, ஆனால் மிகவும் வலுவானது. தொப்பியைத் தண்டிலிருந்து வெட்டி, செவுள் கீழே இருக்கும்படி காகிதத்தில் வையுங்கள். காகிதம் பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கட்டும், வெள்ளை ஸ்போர் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு டம்ளரால் மூடி, இரவு முழுக்க விடுங்கள்.

காலையில் எடுத்தால் தூள் படிந்திருக்கும். வெள்ளை என்றால் மைசீனா, மராஸ்மியஸ், அமானிட்டா போன்றவை. இளஞ்சிவப்பு என்றால் டெர்மிட்டோமைசிஸ், புளூட்டியஸ், என்டோலோமா. துருப்பழுப்பு என்றால் கேலரினா, கார்டினேரியஸ். கறுப்பு என்றால் பனியோலஸ், கோப்ரினெல்லஸ். பச்சை வந்தால்? புல்வெளியில் வளரும் பெரிய வெள்ளைக் காளானான குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் ஆக இருக்க வாய்ப்பு மிக அதிகம். நல்ல காளான் என்று நினைத்துச் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் பலருக்குக் காரணம் அதுதான். இளசாக இருக்கும்போது அதன் செவுளும் வெள்ளைதான் என்பதால் செவுள் நிறத்தை நம்பக் கூடாது, அச்சைத்தான் நம்ப வேண்டும்.

தட்டுக் காளான்களில் இது எப்போதும் வேலை செய்யாது. பழையதாக இருந்தால் ஒன்றும் கொட்டாது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

படி 6: படமும் பேரும்

ஒரு காளானுக்குக் குறைந்தது நான்கு படம்: மேலிருந்து, அடியிலிருந்து, பக்கவாட்டில் தண்டோடு, அப்புறம் சுற்றுப்புறம் தெரியும்படி தள்ளி நின்று. பக்கத்தில் ஸ்கேலை வைக்க மறக்காதீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்துப் பேர் சொல்லும். அதைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. அது சொல்லும் பேரினத்தின் அடிப்பக்கம், இடம், ஸ்போர் நிறம் மூன்றும் நீங்கள் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் அந்தப் பேரை விட்டுவிடுங்கள்.

சின்னப் பழுப்புக் காளான்கள் பலவற்றை நுண்ணோக்கி இல்லாமல் சிற்றினம் வரை கொண்டுபோகவே முடியாது, அனுபவசாலிகளும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். "மைசீனா, சிற்றினம் தெரியவில்லை" என்று எழுதுவது முழுமையான பதிவுதான்.

காளானே இல்லாதவையும் உங்கள் பட்டியலில் நுழையும். மழைக்குப் பிறகு கட்டைமேல் மஞ்சள் நுரை போல் படர்ந்திருப்பது ஃபுலிகோ செப்டிகாவாக இருக்கலாம். அது சளிப்பூஞ்சை, பூஞ்சை ராஜ்ஜியத்திலேயே சேராது. மறுநாள் போனால் அது இடம் மாறியிருக்கலாம், இல்லையென்றால் காய்ந்து பொடியாகியிருக்கும். அதையும் படம் எடுத்து, பக்கத்தில் அப்படியே எழுதிவையுங்கள்.