செல்சவ்வு ஏற்பிகளை வைத்து மைக்ரோஅரே செய்வது எப்படி?

டி.என்.ஏ. மைக்ரோஅரே (ஒரே கண்ணாடி ஸ்லைடில் பல மாதிரிகளைச் சிறு புள்ளிகளாகப் பதித்துச் சோதிக்கும் முறை) பழகியவர்கள் ஏற்பிப் புரதங்களுக்கு வரும்போது, புரதத்தைத் தனியாகச் சுத்திகரித்து ஸ்லைடில் ஒட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஜி.பி.சி.ஆர். (ஜி-புரதத்தோடு இணைந்து இயங்கும்) வகை ஏற்பிகளில் அது சரிப்படாது. இவை செல்சவ்வின் குறுக்கே ஏழு முறை ஊடுருவி நிற்பவை. சுற்றியுள்ள கொழுப்பை நீக்கினால் பெரும்பாலும் வடிவம் குலைந்து லிகண்டை, அதாவது தன்னிடம் வந்து பிணையும் மூலக்கூறை, பிடிக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே சவ்வோடு சேர்த்தே பதிக்கிறோம். கார்னிங் நிறுவன ஆய்வாளர்கள் 2002-இல் செய்துகாட்டிய வழி இது.

முதலில் ஸ்லைடு. காமா-அமினோபுரோபைல்சைலேன் பூசியதை வாங்குங்கள். வெறும் கண்ணாடியில் சவ்வு கழுவும்போதே போய்விடும், அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்கும் பரப்பிலோ கொழுப்பு மூலக்கூறுகள் நகர முடியாமல் சவ்வின் இயல்பே மாறிவிடும். இந்தப் பூச்சு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

அடுத்து, ஏற்பியை மிகுதியாக உற்பத்தி செய்யும் ஹெக் 293 (மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வகை) போன்ற செல்களிலிருந்து எடுத்த சவ்வு. மைனஸ் 80 டிகிரியில் சிறுசிறு குழாய்களாகப் பிரித்து வையுங்கள், ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஊசிமுனை அச்சுக் கருவியால் ஒவ்வொரு மாதிரியையும் குறைந்தது மூன்று புள்ளிகளாகப் பதியுங்கள். பக்கத்திலேயே அந்த ஏற்பி இல்லாத அதே வகைச் செல்லின் சவ்வையும் கட்டாயம் பதிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் இடம் மிச்சம் பிடிக்க இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், ஆனால் இது இல்லாத ஸ்லைடில் வரும் எந்த ஒளியையும் என்னால் நம்ப முடியாது.

பதித்ததும் ஈரப்பதமுள்ள பெட்டியில் அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். இந்தக் கட்டத்தில் புள்ளி காய்ந்தால் சவ்வு சிதைந்துவிடும்.

அப்புறம் பிணைப்பு. நியூரோடென்சின் (நரம்புகள் சேதி கடத்தப் பயன்படுத்தும் ஒரு சிறு பெப்டைடு) ஏற்பி என்றால், ஒளிரும் சாயம் சேர்த்த நியூரோடென்சினை 2 நானோமோலார் அளவில் ஓர் அரேயின் மேல் விடுங்கள். இன்னொரு அரேயில் அதே கரைசலோடு சாயம் இல்லாத நியூரோடென்சினை 2 மைக்ரோமோலார், அதாவது ஆயிரம் மடங்கு, கலந்து விடுங்கள்; இது ஏற்பியின் இடங்களை நிரப்பிவிடுவதால், அங்கே தெரியும் ஒளி ஏற்பியில் பிணையாமல் வேறெங்கோ ஒட்டிய சாயத்தின் ஒளி. ஒரு மணி நேரம் கழித்துப் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) சுருக்கமாகக் கழுவி, நைட்ரஜன் காற்றால் உலர்த்தி ஸ்கேன் செய்யலாம்.

முதல் அரேயின் ஒளியிலிருந்து இரண்டாவதன் ஒளியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஏற்பியின் உண்மையான பிணைப்பு. கழித்தபின் ஒன்றுமே மிஞ்சவில்லையா? ஏற்பி செயலிழந்திருக்கலாம், அதே சவ்வைக் கதிரியக்க லிகண்டு வைத்துக் குழாயில் சோதித்துப் பாருங்கள். ஏற்பி இல்லாத புள்ளியும் சமமாக ஒளிர்ந்தால் சாயம் கொழுப்பிலோ பூச்சிலோ ஒட்டுகிறது. பஃபரில் கொஞ்சம் பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தத்து அல்புமின் புரதம்) சேர்த்துத் திரும்பச் செய்யுங்கள்.