நிலமானிய முறையின் தோற்றத்தைப் படிப்பது எப்படி?

ஐரோப்பிய வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்கள், நிலமானிய முறை, அதாவது பிரபுவிடம் நிலம் பெற்று அதற்கு ஈடாக அவருக்குப் படைச் சேவை செய்யும் அமைப்பு, எந்த ஆண்டில் தோன்றியது என்று தேடுவது வழக்கம். அந்தத் தேடலைக் கைவிடுவதே முதல் வேலை. எந்த அரசரும் ஆணை பிறப்பித்து அதை உருவாக்கவில்லை. வலியவர் ஒருவரிடம் அடைக்கலம் புகுந்து அவருக்குச் சேவகராவது ஒரு வழக்கம். நிலத்தைச் சொந்தமாகக் கொடுக்காமல் அனுபவிக்க மட்டும் கொடுப்பது இன்னொரு வழக்கம். வெவ்வேறு காரணங்களால் எழுந்த இவ்விரண்டும், ரோமானியருக்குப் பின் இன்றைய பிரான்சையும் அதன் அண்டைப் பகுதிகளையும் ஆண்ட பிராங்குகளின் நாட்டில் சில நூற்றாண்டுகளில் ஒன்றோடொன்று பிணைந்தன. எனவே குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, அவை எங்கே சேர்கின்றன என்று கவனித்துக்கொண்டே படியுங்கள்.

ரோமானியப் பேரரசின் பிற்காலத்திலிருந்து தொடங்குவது நல்லது. தப்பியோடும் குத்தகை உழவர்களைப் பழைய நிலத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் 332இல் சட்டம் இயற்றினார். ஆனால் இது உழவரை நிலத்தோடு கட்டிய கதை. பிற்காலப் பண்ணையடிமை முறைக்கு இட்டுச் சென்ற வழிகளில் ஒன்று. பிரபுவுக்கும் போர்வீரருக்கும் இடையிலான உறவை இதோடு கலந்துவிட்டால் பின்னர் எதுவும் தெளிவாகாது.

சேவக உறவைப் புரிந்துகொள்ள, பிரான்சின் தூர் நகரில் தொகுக்கப்பட்ட மாதிரி ஆவணம் ஒன்றைப் பொறுமையாக வாசியுங்கள். பெயர்களை நிரப்பிக்கொள்ளும் வகையில் எழுதப்பட்ட அந்தப் படிவத்தில், உண்ணவும் உடுக்கவும் வழியில்லாத ஒருவர் பிரபுவின் பாதுகாப்பில் தன்னை ஒப்படைக்கிறார். சேவைக்கு ஏற்ப உணவும் உடையும் பெறுவதாகவும், உயிருள்ளவரை விலகுவதில்லை என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். உடன்படிக்கையை மீறும் தரப்பு மற்றவருக்கு அபராதம் செலுத்த வேண்டும். இதில் இரண்டு செய்திகளை அடிக்கோடிடுங்கள். சேவை செய்பவர் அடிமையாக அல்ல, சுதந்திர மனிதருக்கு உரிய முறையில் பணிவதாகவே சொல்கிறார். நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இழைகள் இரண்டும் இன்னும் சேரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்து எட்டாம் நூற்றாண்டின் திருச்சபை நிலங்களுக்கு வாருங்கள். பிராங்குகளின் ஆட்சியாளர் சார்லஸ் மார்டெல் தம் ஆதரவாளர்களுக்கு இந்நிலங்களை வழங்கியதால் எழுந்த மனக்கசப்பைத் தீர்க்க, அவருடைய மகன் கார்லோமன் 743இல் எஸ்டினில் கூடிய திருச்சபை மாமன்றத்தில் ஒரு சமரசம் கண்டார். நிலத்தின் உரிமை திருச்சபையிடமே இருக்கும். அனுபவிக்கும் வீரர், நிலத்திலுள்ள உழவுக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு சாலிடஸ், அதாவது 12 தினார் நாணயம், வீதம் திருச்சபைக்குச் செலுத்த வேண்டும். அவர் இறந்தபின் நிலம் திருச்சபைக்குத் திரும்பும், ஆனால் ஆட்சியாளருக்குத் தேவை ஏற்பட்டால் மீண்டும் வழங்கலாம். படைச் சேவையும் நிலமும் நெருங்கி வருவதை இங்கே கண்ணால் பார்க்கலாம். குதிரைவீரருக்கு அங்கவடி, அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையம், கிடைத்ததே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சில நூல்கள் சொல்வதுண்டு. ஒரு கருவியால் ஒரு சமூக அமைப்பையே விளக்கிவிடும் அந்த வாதத்தை நம்பிவிட வேண்டாம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்டுகளை வரிசைப்படுத்துவது உதவும். 843இல் வெர்டன் உடன்படிக்கை பிராங்குகளின் பேரரசை மூன்றாகப் பிரித்தது. 864இல் தம் அனுமதியின்றிக் கட்டிய கோட்டைகளை இடிக்கும்படி அதன் மேற்குப் பகுதியின் அரசர் வழுக்கை சார்லஸ் ஆணையிட்டார். வைக்கிங்குகளின் தாக்குதலுக்கு நடுவே உள்ளூர்ப் பெரியவர்கள் தாங்களாகவே அரண் அமைத்துக்கொண்டிருந்ததை அந்த ஆணையே காட்டிக்கொடுக்கிறது. 877இல் அதே சார்லஸ் வெளியிட்ட கியர்சி ஆணையை மிகுந்த கவனத்துடன் கையாளுங்கள். அது மானியங்களை, அதாவது சேவைக்காக வழங்கிய நிலங்களை, பரம்பரைச் சொத்தாக்கிய சட்டம் என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில், அரசர் இத்தாலிக்குப் போயிருக்கும் காலத்தில் ஒரு கோமான் இறந்தால் என்ன செய்வது என்பதற்கான தற்காலிக ஏற்பாடே அது. ஆயினும் தந்தையின் இடம் மகனுக்கே என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை அது உணர்த்துகிறது. சிறிய மானியதாரர்களின் வாரிசுரிமையை வெளிப்படையாக உறுதிசெய்த ஆணை, பேரரசர் இரண்டாம் கான்ராட் இத்தாலியில் 1037இல் பிறப்பித்ததாகும்.

இறுதியாக, நீங்கள் எழுதும் ஒவ்வொரு கூற்றுக்கும் அருகில் அது எந்தப் பகுதிக்கு உரியது என்று குறித்துவிடுங்கள். லுவார், ரைன் நதிகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் கண்டதை இத்தாலிக்கோ இங்கிலாந்துக்கோ அப்படியே பொருத்த முடியாது. ஒரே அச்சில் வார்த்த அமைப்பு ஐரோப்பா முழுவதும் நிலவியது என்ற கருத்தை 1970களிலிருந்து வரலாற்று அறிஞர்கள் பலர் வலுவாக மறுத்துவருவதும் இதனால்தான்.